தாமரை வகுப்பு மாடியேறிய கதை

ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, என் அனுபவத்தைக் கேட்டது உங்கள் தவறு. இனி நான் நிறுத்த மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறுப்பேற்று நடத்திய முதல் வெள்ளப் பயிற்சியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூழ்கிப் போனார்கள். கூடவே தலைமையாசிரியரும். வெறும் பயிற்சி என்பதால் எல்லாரும் உடனே எழுந்து நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் பல நாள் மூழ்கியே கிடந்தேன்.

இது எண்பதுகளில் நடந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆற்றை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளி. முன்னால் மாடி வைத்த கல் கட்டடம். பின்னால், நம் ஊரில் லோங்காங் என்று சொல்லும் பெரிய சாக்கடையின் ஓரத்தில், ஒரு பலகைக் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் திடல். திடலின் ஓரமாகச் சற்று உயரமான சிமெண்டு நடைபாதை.

எங்கள் பள்ளியில் அப்போது ஒரு வழக்கம். மதிப்பெண் அதிகம் வாங்கும் பிள்ளைகள் ஒரு வகுப்பு, குறைவாக வாங்கும் பிள்ளைகள் இன்னொரு வகுப்பு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பெயர் வைத்தால் பிள்ளைகளின் மனம் நோகுமாம். அதனால் பூப்பெயர் வைத்திருந்தோம். கெட்டிக்காரர்கள் மல்லிகை. மற்றவர்கள் தாமரை. இதில் யாரும் ஏமாறவில்லை, பூக்கள்கூட ஏமாந்திருக்காது. மல்லிகை வகுப்புகள் எல்லாம் மாடியில், மின்சாரக் காற்றாடிக்குக் கீழே. தாமரை வகுப்புகள் எல்லாம் பலகைக் கட்டடத்தில், சாக்கடைக் காற்றில்.

கடல் ஏறுகிற நேரமும் கனமழையும் சேர்ந்து வந்தால் ஆற்றுத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சாக்கடை வழியே திரும்பி வரும். அப்போது பலகைக் கட்டடத்தின் வாசல்படி நனையும். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது.

"தாமரைன்னா தண்ணியிலதான் சார் இருக்கும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "ரொம்ப நல்லது. இனிமே பேரிடர் ஆயத்தம் உங்க பொறுப்பு. தனிப் பாடவேளை கிடையாது. எல்லாப் பாடத்துலயும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க" என்றார். ஒரு சிலேடைக்கு இவ்வளவு பெரிய தண்டனை கிடைத்தவன் பினாங்குத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் பயிற்சியைப் பார்க்கத் தீயணைப்பு நிலையத்திலிருந்து, அதாவது பொம்பாவிலிருந்து, ஒரு மலாய் அதிகாரி வந்திருந்தார். நான் கையைக் காட்டினேன். தலைமையாசிரியர் மணி அடித்தார். மணி என்றால் மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் திடலுக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது வேதம். மாடியில் பத்திரமாக இருந்த மல்லிகைப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கி வந்து, பள்ளியிலேயே மிகப் பள்ளமான இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாமரை. எல்லாருக்கும் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நான்.

அதிகாரி என்னிடம் வந்தார். "சிகு" என்றார். மலாய்க்காரர்கள் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சிகு, வெள்ளம் வந்தா மேல ஏறணும் லா. இவங்களை ஏன் கீழ இறக்கினீங்க?"

"வரிசையா மேல ஏத்தறதுக்கு" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதன்பிறகுதான் நான் உண்மையாக யோசிக்கத் தொடங்கினேன். அவமானம் நல்ல ஆசிரியர், சம்பளமும் கேட்பதில்லை.

அறிவியல் பாடத்தில் ஒரு சோதனை வைத்தேன். ஐந்தாம் ஆண்டு மல்லிகையையும் தாமரையையும் ஒன்றாகக் கூட்டி வந்து, பள்ளி வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று பின்னாலேயே நடக்கச் சொன்னேன். தண்ணீர் மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலுவலக வாசலைச் சுற்றிக்கொண்டு, திடலில் இறங்கி, நேராகத் தாமரை வகுப்பு வாசலில் போய் நின்றது. அங்கே ஜெயந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தாமரை வகுப்புத் தலைவி. எதையும் கேட்டுவிடுகிற பிள்ளை.

"சார், மல்லிகைக்காரங்க ஊத்தின தண்ணிகூட எங்க வீட்டுக்குத்தான் விருந்துக்கு வருது" என்றாள்.

"நாங்க பத்திரிகை வெச்சு அனுப்பினோம்" என்றான் சரவணன். அவன் மல்லிகை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் மகன்.

தமிழ்ப் பாடத்தில் "என் வீட்டில் வெள்ளம் புகுந்தால்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்பு: முதலில் பொம்பாவுக்குத் தொலைபேசி செய், பிறகு அப்பாவின் காடியில், அதாவது காரில், ஏறு. மல்லிகையில் பலர் அப்படியே எழுதினார்கள். தாமரையில் ஜெயந்தி எழுந்து நின்றாள்.

"சார், எங்க வரிசை வீட்டுல யாருக்கும் போன் இல்ல. சீனர் கடையிலதான் இருக்கு. மழை வந்தா அவரு மொத வேலையா கடையைச் சாத்திடுவாரு."

"காடி?"

"எங்கப்பா மீன் சைக்கிள் வெச்சிருக்காரு. அதுல ஏறினா எல்லாரும் மீன் வாசத்தோட மூழ்கலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கரும்பலகையில் இருந்த குறிப்பை அழித்துவிட்டேன். ஒரே மழை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி பெய்வதில்லை என்பதை நான் சமூகப் பாடத்தில் நடத்தியிருந்தேன், நடத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தேன். இப்போது அது என் எதிரே இரட்டைச் சடையோடு நின்றது.

இதற்கு ஒரே வழி, மழை மாதங்களிலாவது தாமரை வகுப்புகளை மாடிக்குக் கொண்டுபோவதுதான். தலைமையாசிரியர் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள் என்றார். சங்கத் தலைவர் மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். எந்த விழாவிலும் முதல் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. மாடியின் காற்றாடிகளும் அவர் கொடுத்தவை.

"சார், நான் காத்தாடி போட்டது படிக்கிற பிள்ளைங்களுக்கு" என்றார்.

"தாமரையும் படிக்கிறாங்க, அண்ணே."

"படிக்கட்டும். யாரு வேணாம்னது? ஆனா மல்லிகையைக் கீழ இறக்கினா என் மகன் என்னைச் சும்மா விடுவானா? அவங்கம்மா விடுவாளா? ஏதோ வாசப்படி கொஞ்சம் நனையுது. இத்தனை வருஷமா யாருக்காவது ஒண்ணு ஆச்சா?"

இதுதான் நம் தொழிலின் மிக அபாயமான வாக்கியம், தம்பி தங்கைகளே. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது, ஆகும் வரைக்கும். நான் ஏதோ உளறினேன். முடிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் மீகோரெங் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். கோபமாகத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் இசை டீச்சரிடம் போய்ப் புலம்பினேன். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம் அவருடையது. ஆர்மோனியப் பெட்டியும் கண்டிப்பும் கூடவே பிறந்தவை. நான் சொல்லும் நகைச்சுவை எதற்கும் சிரித்ததில்லை. அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம்.

"ரூம் கிடைக்கல. சரி. வழியையாவது மாத்தலாமே" என்றார். "வெள்ளத்துக்கு மணி வேணாம். மணி கேட்டா பிள்ளைங்க காலு தானா திடலுக்குப் போயிடும். வேற சத்தம் வேணும்."

அன்றே ஒரு மெட்டுப் போட்டார். மேலே இருப்பவர்கள் கைதட்டிக்கொண்டே "யாரு யாரு, கடைசி யாரு?" என்று பாட வேண்டும். கீழே இருப்பவர்கள் நடைபாதை வழியாக வந்து மாடி ஏற வேண்டும். ஏறி முடித்ததும் கடைசியாக வருபவர், "நான்தான் நான்தான், கதவைச் சாத்து!" என்று தனியாகப் பாட வேண்டும். அந்தக் குரல் கேட்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது.

"ஏன் டீச்சர் கடைசி ஆளைக் கேக்கணும்?"

"மொத ஆளை யாரும் தேட வேண்டாம். அவன் தானா வந்து முன்னால நிப்பான்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடுத்த பயிற்சியில் பாட்டு மாடியிலிருந்து கேட்டது. தாமரைப் பிள்ளைகள் நடைபாதை வரை வந்தார்கள். வந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் படி ஏறவில்லை.

"என்னாச்சு? ஏறுங்க!"

"நீ ஏறு", "மொத நீ ஏறு லா", "நான் ஏன்? நீ ஏறு."

தனியாகப் பாடும் வாய்ப்பு கடைசி ஆளுக்குத்தானே! அத்தனை பேருக்கும் கடைசியாக வர ஆசை. எங்கள் பள்ளி வரலாற்றில் கடைசி இடத்துக்குச் சண்டை நடந்தது அன்றுதான். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மல்லிகைப் பிள்ளைகள், "டீச்சர், நாங்க எப்ப கீழ இருந்து வர்றது? எங்களுக்கும் கடைசி வேணும்" என்று அழாத குறை. கடைசியில் ஆளுக்கொரு நாள் முறை வைத்தோம். கணக்குப் பாடத்தில் படியில் எத்தனை பேர் பக்கம் பக்கமாக ஏறலாம் என்று அளந்தார்கள். உடற்கல்வியில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பெரிய பிள்ளைகள் பிடித்து நடந்தார்கள். மல்லிகைப் பிள்ளைகள் ஒரு நாற்காலியில் இரண்டு பேராக உட்கார்ந்து இடம் விடப் பழகினார்கள். எதையும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது என்ற விதியை எல்லாப் பாடத்திலும் நானே தொண்டை வறளச் சொன்னேன். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆண்டு இறுதி மழை வந்தது. அன்று காலையிலிருந்தே வானம் ஓட்டை. ஓய்வு நேரம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன கொஞ்ச நேரத்தில், தாமரை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என் செருப்பு தானாக நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் பலகையின் இடுக்கு வழியே மேலே வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்தேன். திடலையும் காணோம், சாக்கடையையும் காணோம். எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். எது தரை, எது ஆள் முழுகும் பள்ளம் என்று தெரியவில்லை. நடைபாதை மட்டும் இன்னும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவும் எவ்வளவு நேரம் தெரியும் என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் எதிரே ஒரு காட்சி. தலைமையாசிரியர் குடையைப் பிடித்துக்கொண்டு, சுத்தியலோடு, தண்டவாளத் துண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. பழகிய கை. ஆனால் அந்த மணி அடித்தால் பலகைக் கட்டடத்தின் மற்ற வகுப்புகளிலிருந்து சின்னப் பிள்ளைகள் திடலில் குதித்து ஓடுவார்கள். இல்லாத திடலில்.

"ஜெயந்தி, யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. பாட்டு கேட்டதும் நடைபாதையில கையைப் பிடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கத்தினால் மழையில் கேட்கவில்லை. அதனால் போய் அந்தத் தண்டவாளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு யோசனை வரவில்லை. ஓங்கிய சுத்தியல் என் தோளருகில் நின்றது.

"அலாமாக்! என்ன சார் இது?"

"அடிக்காதீங்க சார்! அடிச்சா திடலுக்கு வருவாங்க!"

"அப்ப மேலிடத்துக்கு ஒரு போன் போட்டு, மாடியேத்தலாமான்னு அனுமதி..."

"அனுமதி அப்புறம் வாங்கலாம் சார். மொதல்ல பாட்டு!"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு, எங்கள் தலைமையாசிரியர், விழாவில்கூட வாயசைத்துவிட்டு நிற்கிற மனிதர், மாடியைப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடினார்: "யாரு யாரு, கடைசி யாரு?"

சுருதி கொடூரம். ஆனால் மாடியில் இசை டீச்சருக்குக் கேட்டது. அடுத்த நொடி மல்லிகை முழுவதும் கைதட்டிப் பாடத் தொடங்கியது. தாமரைப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நடைபாதையில் வந்தார்கள். பெரியவர்கள் சாக்கடைப் பக்கம், சின்னவர்கள் உள்பக்கம். யாரும் தள்ளவில்லை. நான் நடைபாதை முனையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டு அனுப்பினேன். ஜெயந்தி பலகைக் கட்டடத்தின் எல்லா அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். மாடிப்படியின் உச்சியில் நின்று முறைப்படி, "நான்தான் நான்தான்..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள்.

"இல்ல! கடைசி ஆள் இன்னும் வரல! பாடுங்க!"

ஏனென்றால் அந்தக் கடைசி ஆள், அதாவது நான், பிள்ளைகள் எல்லாரும் ஏறிவிட்ட நிம்மதியில், மரத்தடியில் மூழ்கத் தொடங்கியிருந்த என் புது ஹோண்டா மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றப் போயிருந்தேன்.

மேலேயிருந்து பள்ளி முழுவதும் பாடியது. நடுநடுவே, "சார், எதையும் எடுக்கப் போகக் கூடாது!" "சார், விதி எண் ஒண்ணு!" "சார், ஹோண்டாவுக்கு நீச்சல் தெரியும், நீங்க வாங்க!" நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் என் குரலிலேயே திரும்பி வந்தது. அவ்வளவு தெளிவாக நான்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஹோண்டாவை அதன் விதியிடம் விட்டுவிட்டுத் தலைகுனிந்து படியேறினேன். உச்சியில் வந்து, "நான்தான் நான்தான்" என்றேன்.

"நீங்க இல்ல சார்" என்றாள் ஜெயந்தி. "உங்க பின்னால ஒருத்தர் வர்றாரு."

திரும்பினேன். சங்கத் தலைவர். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்து, நடைபாதையைத் தடவித் தடவி மகனைத் தேடி வந்துகொண்டிருந்தார். கார் தெரு முனையிலேயே நின்றுவிட்டதாம். எப்படியோ படியேறி வாசலுக்கு வந்தார். உள்ளே பார்த்தார். மின்சாரம் போய்விட்டதால் அவர் கொடுத்த காற்றாடிகள் அசையாமல் நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு நாற்காலியில் மூன்று பேர். அவர் மகன் மடியில் முதலாம் ஆண்டு தாமரைக் குழந்தை ஒன்று ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்துக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்: "யாரு யாரு, கடைசி யாரு?"

"சரவணா, வாப்பா, போலாம்" என்றார்.

"அப்பா, மொதல்ல நான்தான்னு சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் இவங்க நிறுத்த மாட்டாங்க."

"எதுக்குப்பா?"

"நீங்கதானே கடைசி!"

அவர் சுற்றிலும் பார்த்தார். முதல் வரிசை எங்கேயும் இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் செருப்போடு, மெதுவாக, "நான்தான்... நான்தான் கடைசி" என்றார்.

"கதவைச் சாத்து!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

அவர் போகவில்லை. தண்ணீர் வடியும்வரை வாசலோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பலகைக் கட்டடத்தையே பார்த்தார். அங்கே ஒரு மேசை கதவுக்கு வெளியே வந்து சாக்கடைப் பக்கம் மெல்ல நகர்ந்து போனது. அப்புறம் தலைமையாசிரியரிடம், "மல்லிகை, தாமரை ரெண்டும் மேலயே இருக்கட்டும் சார். காத்தாடி எத்தனை வேணுமோ நான் போடறேன்" என்றார்.

"இடம் வேணுமே" என்றார் தலைமையாசிரியர். "மாடியில வேற ரூம் இல்லையே."

நாங்கள் எல்லாரும் வருத்தத்தோடு தலையாட்டினோம். உண்மையிலேயே இடம் இல்லை என்றுதான் நினைத்தோம்.

"ஏன் இல்ல சார்?" என்றாள் ஜெயந்தி. "டீச்சர்ங்க ரூம்பு மேலதானே இருக்கு? பெருசா, ரெண்டு காத்தாடியோட. அங்க எந்தப் பாடம் நடக்குது?"

நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார். எங்கள் கோப்பிக் குவளைகள், எங்கள் சாய்வு நாற்காலி, எங்கள் மத்தியானத் தூக்கம், எல்லாம் கண்முன்னால் மிதந்து போயின. அப்போது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. இசை டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். என் நகைச்சுவைக்கு ஒருநாளும் சிரிக்காத அந்த அம்மா, கண்ணில் நீர் வர, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மறு வாரம் முதல் ஆளாக ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலகைக் கட்டடத்துக்கு இறங்கியவரும் அவர்தான். பின்னாலேயே நாங்கள், முனகிக்கொண்டு. ஆசிரியர் அறையை நடுவில் தடுத்துச் சின்னத் தாமரைகளை ஏற்றினோம். இடம் போதாத பெரிய வகுப்புகளை மல்லிகையோடு கலந்து உட்கார வைத்தோம். கலந்த பிறகு எந்தப் பூ எது என்று எங்களுக்கே குழப்பம் வந்து, அடுத்த ஆண்டு பூப்பெயரையே விட்டுவிட்டோம்.

ஓய்வு பெறும்வரை எனக்கு அந்தப் பலகைக் கட்டடம்தான் ஆசிரியர் அறை. ஜன்னலைத் திறந்தால் சாக்கடை, மூடினால் புழுக்கம். ஒவ்வோர் ஆண்டும் மழை கனத்ததும் மாடியிலிருந்து பாட்டுத் தொடங்கிவிடும். ஆசிரியர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் வரிசையாகப் போவோம். பிள்ளைகள் மேலேயிருந்து எங்களை எண்ணிக்கொண்டு, ஒருவரையும் விடாமல், கைதட்டிப் பாடுவார்கள்.

கடைசி ஆள் பெரும்பாலும் நான்தான். குவளையில் பாதிக் கோப்பி இருக்கும்போது எப்படி எழுந்து வருவது? ஆனால் ஒன்று, தம்பி தங்கைகளே. நான் எவ்வளவு தாமதமாக வந்தாலும், ஒருநாளும் எனக்கு முன்னால் அவர்கள் கதவைச் சாத்தியதில்லை.